முப்பத்தேழு சாக்கு மூட்டை

ஜனவரி 4, ஞாயிறு

பள்ளியிலிருந்து கடிதம் நேற்றே வந்துவிட்டது. தபால் நிலையத்தில் பையைப் பிரித்தது நான்தான். என் பெயருக்கு வந்த உறையில் நானே தேதி முத்திரை குத்தினேன். புதிய தாளாளரின் கையெழுத்து. கல்விப் பணிக்கு இடையூறாக இருப்பதால், இந்த மாதம் முதல் நான் கேப்டனாக இருக்கும் சாரணியர் குழுவுக்கு மைதானமும் அறையும் தர இயலாதாம். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் யாருமில்லாத மைதானத்தில்தான் கூடுகிறோம். இடையூறு யாருக்கு?

மாவட்ட அலுவலகத்தில் கலாமணி மேடத்துக்குப் போன் செய்தேன். பள்ளியைச் சாராமலும் குழு நடத்தலாம், ஆனால் பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்று பொறுப்பேற்க வேண்டும் என்றார். அவர்கள் கூடுவதற்கு இடம் தர வேண்டும், கமிட்டியில் இருவர் உட்கார வேண்டும், படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிப்ரவரி 14-க்குள் படிவம் போகாவிட்டால் என் குழுவின் மூத்த பெண்கள் எட்டுப் பேரும் ஆளுநர் விருதுத் தேர்வு முகாமுக்குப் போக முடியாது. அடுத்த முகாம் வருவதற்குள் பிளஸ் டூ முடித்து ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். மூன்று வருட உழைப்பு.

மாலையில் எட்டுப் பேரின் பயிற்சிக் குறிப்பேடுகளைத் திருத்தினேன். எல்லாப் பயிற்சிகளும் இந்த மாதம், ஜனவரி 14-ஆம் தேதிக்குள் முடிந்ததாக நான் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு பேருடையது முடிந்தது. ஜெனோவாவின் வரைபடம்தான் எரிச்சலைக் கிளப்பியது. அணித்தலைவி, முடிச்சிலும் முதலுதவியிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. கடற்கரையை வரைந்து வா என்றால், மணலில் கிடக்கும் கல், கம்பு, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் வரைந்து வைத்திருக்கிறாள். ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஒரு நீளக் குறிப்பு வேறு. தூரம் மீட்டரில் இல்லை, தன் காலடியில். சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ‘தேவையற்ற விவரங்கள். மீண்டும் வரையவும்’ என்று எழுதினேன்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

அரை நாள் விடுப்பு. வணிகர் சங்கச் செயலாளர் மரியாதையாக உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைச் சீருடையில் அனுப்பினால் போதுமாம். வாசலில் சந்தனமும் பன்னீரும் கொடுக்க வேண்டும். “யூனிஃபார்ம்ல நின்னா பங்ஷனுக்கே ஒரு கெத்து மேடம்” என்றார். அவர்கள் காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்த பிள்ளைகள், கயிற்றில் பாலம் கட்டத் தெரிந்த பிள்ளைகள் என்றேன். “அதுவும் தெரியுமா, நல்லது” என்று சொல்லிவிட்டு விழாத் தேதியைச் சொன்னார்.

அடுத்து மனமகிழ் மன்றம். அவர்களுக்குப் பிள்ளைகளின் சீருடையில் மன்றத்தின் பெயர் வேண்டும், முதுகில்.

எல்லோருக்கும் எங்களிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. நாங்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஜெனோவாதான் சொன்னாள், “எங்க சங்கத்துல கேளுங்களேன் மிஸ்” என்று. கருவாட்டுப் பெண்கள் சங்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அவள் அம்மா பிலோமியும் அதில் இருக்கிறாள். முப்பத்து நான்கு பெண்கள், பதிவு எண்ணோடு. கடற்கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. வாடை பழகிவிடும்.

தலைவி செபஸ்தியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் கொண்டுபோன குழு அறிக்கையைப் படிக்கவில்லை. முதலுதவி, கயிறு, முடிச்சு என்று நான் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஞாயிறு காலையில் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, வந்து நடத்துங்கள் என்றார். கையெழுத்து 25-ஆம் தேதி பொதுக்கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்த பிறகு. பதிலுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“இப்பம் ஒண்ணும் வேண்டாம். என்ன செய்யணும்னு நாங்க சொல்லுதோம். அப்பம் வந்து செஞ்சா போதும்.”

எனக்கு அது பதிலாகவே படவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நாம் யார் என்று காட்ட வேண்டாமா?

ஜெனோவாவிடம் குறிப்பேட்டைக் காட்டி, வரைபடத்தை எப்போது மறுபடி வரைவாய் என்று கேட்டேன். “அது சரியாத்தான் மிஸ் இருக்கு” என்றாள். திமிர் இல்லை, சும்மா சொன்னாள். அதுதான் இன்னும் கோபத்தைத் தந்தது.

ஜனவரி 14, புதன்

ஏழு குறிப்பேடுகளிலும் கையெழுத்திட்டேன். ஜெனோவா வரைந்து தரவில்லை. அவளுக்கே அக்கறை இல்லையென்றால் நான் என்ன செய்வது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பையன் கோவையிலிருந்து வரவில்லை. வீடியோவில் பொங்கல் பானையைக் காட்டினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

சங்கத்துப் பெண்கள் எல்லோரும் பக்கத்து ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தார்கள். அதனாலேயே இன்றைக்குத் தேர்ந்தெடுத்தேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், திரும்பி வரும்போது அவர்களே அசந்துபோகும்படி. காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் கையுறையோடு வந்துவிட்டார்கள். சிலுவை நிற்கும் குருசடியிலிருந்து ஐஸ் பேக்டரிச் சுவர் வரை கடற்கரை முழுவதையும் நான்கு பட்டையாகப் பிரித்து அணிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கந்தல் கட்டிய கம்புகள், உடைந்த செங்கல், பாதி புதைந்த பாட்டில், வலைத் துண்டு, செருப்பு. முப்பத்தேழு சாக்கு மூட்டை. பத்தரைக்கு நகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மணல் சீவி விட்டதுபோல் இருந்தது. படம் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். கலாமணி மேடம் மூன்று கைதட்டல் அனுப்பினார்.

ஒரே உறுத்தல் ஜெனோவா. தொடங்கும்போது வரிசையில் நின்றபடி ஏதோ சொல்ல வந்தாள். வரிசையில் பேசக் கூடாது என்பது அவளுக்கே தெரியும், அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள். விசில் ஊதினேன். கடைசியில் எண்ணும்போது பார்த்தால் அவள் சாக்கு மட்டும் காலி.

ஜனவரி 19, திங்கள்

செபஸ்தியம்மா போனை எடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

பதினொரு மணிக்குச் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் தபால் நிலையத்துக்குள் வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள்.

“கம்பெல்லாம் எங்க?” என்றார் செபஸ்தியம்மா.

எந்தக் கம்பு என்று கேட்டேன்.

“மணல்ல நட்டிருந்த கம்பு, கல்லு, செருப்பு. முப்பத்தி நாலு பேரு அடையாளம். எங்க கொண்டு போட்டீய?”

குப்பையைத்தான் எடுத்தோம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பின்னால் நின்ற ஒருத்தி, “குப்பைன்னு எவ சொன்னா?” என்றாள். செபஸ்தியம்மா கையை உயர்த்தி அவளை அடக்கினார். பிறகு என் மேசையைப் பார்த்தார்.

“நீங்க இங்க சீல் குத்துதீய. நீங்க இல்லாதப்பம் நாங்க வந்து இந்த சீல் கட்டையெல்லாம் கழுவித் தொடச்சி, எழுத்தையும் சொரண்டி வச்சிட்டா உங்களுக்கு எப்டி இருக்கும்?”

மெதுவாகத்தான் சொன்னார். போஸ்ட் மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். கருவாடு காயப்போட அந்த மணலில் ஆளுக்கு ஓர் இடம். ரோட்டோரத்து இடம் என்றால் வியாபாரி வண்டி நேரே வந்து நிற்கும். கீழ்ப்பக்கத்து இடம் என்றால் பெரிய அலைக்கே நனைந்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதில் பெரிய சண்டை. ஒருத்தியின் கையில் வெட்டு விழுந்து, போலீஸ் வந்து, பங்குச்சாமியார் வந்து, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். எல்லைக்கு ஆளுக்கொரு அடையாளம் நட்டுக்கொண்டார்கள். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததற்கு நான் என்ன செய்வேன்?

ஜனவரி 21, புதன்

இரவெல்லாம் நினைத்துப் பார்த்தேன். யாருமே என்னிடம் சொல்லவில்லை. ஒரு பலகை இல்லை, ஒரு கயிறு இல்லை. கந்தல் துணியைப் பார்த்தால் எவருக்கும் கந்தல் துணியாகத்தான் தெரியும்.

ஜெனோவாவாவது சொல்லியிருக்கலாம். போன் செய்தேன். பிலோமி எடுத்தாள். “அவ இனி வரமாட்டா” என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போனேன். புகை. வாசலில் இருந்தவர் ஞாயிறு வண்டி கொட்டியது எல்லாம் எரிந்து முடிந்தது என்றார். சும்மா திரும்ப மனமில்லாமல் ஒரு மணி நேரம் கிளறினேன். ஒரு செருப்பு கிடைத்தது. அது யாருடைய செருப்பாகவும் இருக்கலாம். அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பொதுக்கூட்டத்துக்கு நானே போனேன். படிவம் பையிலேயே இருந்தது. என்னைப் பற்றி யாரும் பேசவில்லை, அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. என் இடம் இதுவரை இருந்தது, இல்லை இதுவரைதான் என்று இரண்டு பேர் எழுந்து நின்று கத்த, பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறு பக்கம். முந்தாநாள் வந்த நெத்திலியை எங்கே விரிப்பது என்று அடித்துக்கொண்டதில் பத்துக் கூடை குவியலாகவே கிடந்து அழுகிப்போனதாம். வெளியே வந்தபோது அந்த நாற்றம் தெரிந்தது. பழகும் வாடை இல்லை அது.

மன்னிப்புக் கேட்க எழுந்தேன். செபஸ்தியம்மா, “உக்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்தேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினக் கொடியேற்றம். கடற்கரைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஒன்பது பேர். அவர்களில் சின்னவள் பவதாரிணி, “ஜெனோவா அக்கா எப்போ வருவாங்க மிஸ்?” என்றாள். படிப்பு இருக்கிறது என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். குறிப்பேடுகள் எட்டும் இருக்கின்றன. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று காலையில் முத்திரையில் தேதி மாற்ற மறந்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அறுபது கடிதங்கள் சனிக்கிழமைத் தேதியோடு. போஸ்ட் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவர் போட்டது நியாயம். தபாலில் தவறான தேதி என்பது பொய் சாட்சி மாதிரி.

வீட்டில் இவரிடம் சொல்லிப் புலம்பினேன். புலம்பல் எப்படியோ கடற்கரைக்குப் போய்விட்டது. யாரும் என்னிடம் சொல்லவில்லை என்றேன். இவர் மாத்திரையைப் பிரித்துக்கொண்டே, “பத்து நாளா இதையேதான் சொல்ற வல்லி. அந்தப் பிள்ளை வரிசைல ஏதோ சொல்ல வந்தாள்னு சொன்னியே, என்ன சொன்னா?” என்றார்.

“காதில் விழலை.”

“நீ கேட்டியா?”

பாத்திரம் கழுவப் போனேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன்.

29-ஆம் தேதி அலமாரியைத் திறந்தபோதே எனக்குத் தெரியும், எதற்காகத் திறந்தேன் என்று. ஜெனோவாவின் குறிப்பேட்டுக்குள் வரைபடம் மடித்து இருந்தது. அன்று விரிக்காமல் வைத்துவிட்டேன். இன்று விரித்தேன்.

குருசடியிலிருந்து ஐஸ் பேக்டரிச் சுவர் வரை. முப்பத்து நான்கு இடங்கள். ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஓர் எண். நான் படிக்காமல் அடித்த அந்த ஓரக் குறிப்பில் எண் வாரியாகப் பெயர்கள். ஒன்று, செபஸ்தியம்மா, கவிழ்த்த மண்சட்டி. ஒன்பது, பிலோமினாள், அறுந்த நீலச் செருப்பு. பதினேழு, ரெஜினாள், உடைந்த துடுப்பு. குருசடிப் படியிலிருந்து எத்தனை காலடி, எந்தத் திசை என்று ஒவ்வொன்றுக்கும். என் சிவப்புக் கோடு பதினான்கில் தொடங்கி இருபத்தெட்டில் முடிகிறது.

ஐந்து வருடமாக யாரும் எழுதி வைக்காததை ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள். அதை என்னிடம்தான் கொடுத்தாள். நான் பூட்டி வைத்திருந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கேவலமான ஒரு காரியம் செய்தேன். வரைபடத்தைச் சுத்தமான தாளில் நானே நகல் எடுத்தேன். சிவப்பு இல்லாமல், காலடியையெல்லாம் குத்துமதிப்பாக மீட்டராக்கி. இதைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தால் போதும், மூலத்தை யாரும் பார்க்கத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன்.

வேலை முடிந்ததும் முதலில் நானே அளந்து பார்க்கலாமென்று டேப்போடு மணலுக்குப் போனேன். குருசடியிலிருந்து தொடங்கினேன். பிலோமியின் இடம் ஐஸ் பேக்டரிக் கழிவு வாய்க்காலுக்குள் வந்தது. திரும்பவும் அளந்தேன். இந்தத் தடவை ரெஜினாள் கடலுக்குள் போய்விட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “என்னம்மா, எதையும் தொலச்சிட்டீயளா?” என்றார். ஆமாம் என்றேன்.

செருப்பெல்லாம் ஈர மணல். நகலைக் கிழித்துப் போட்டேன். போட்ட துண்டுகளைப் பிறகு நானே பொறுக்கினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூல வரைபடத்தோடு பிலோமியின் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், நான் உட்காரவில்லை. தாளைக் கொடுத்தேன். பிலோமி அதைத் தரையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனவர், கோட்டுக்கு வந்ததும் விரலை எடுத்தார்.

“இந்தச் செவப்புக் கோடு ஆரு போட்டது?”

“நான்தான்.”

“எப்பம்?”

“பொங்கலுக்கு முன்னால.”

“அப்பம் எல்லாம் அள்ளுததுக்கு முன்னாலயே நீங்க இதப் பாத்திருக்கீய.”

“பாத்தேன். படிக்கல.”

ஜெனோவா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அன்னைக்கு வரிசையில சொன்னேன் மிஸ். நீங்க விசில் ஊதுனீங்க.”

“ஆமா.”

“எல்லாரும் பாத்தாங்க.”

“ஆமா ஜெனோவா.”

தயார் செய்ததை விட்டுவிட்டேன். மீட்டரில் அளந்து பார்த்ததையும், ரெஜினாள் கடலுக்குள் போனதையும் மட்டும் சொன்னேன். பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். ஜெனோவா சிரிக்கவில்லை. “படத்தக் கிழிச்சிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். என் காலடி மிஸ் அது. வேற யாருக்கும் வராது” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

அரை மணி நேரத்தில் முப்பத்து நான்கு பேரும் மணலுக்கு வந்துவிட்டார்கள். செபஸ்தியம்மா சிவப்புக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ரெஜினாள் கேட்டார். மறுபடியும் சொன்னேன். இன்று நான்கு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் எளிதாகவில்லை.

ஜெனோவா திசைமானியைப் பார்த்து நடந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நின்ற இடத்தில் குதிகாலால் குழி போட்டாள். கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். நான் பிடித்தேன். “இன்னும் எடது பக்கம் மிஸ். தளர விடாதீங்க” என்றாள். பிறகு மூன்று மணி நேரம் அவள் சொன்ன இடத்தில் நின்றேன்.

பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் தகராறு வந்தது. படம் தப்பு, சின்னப் பிள்ளை வரைந்தது என்று ரெஜினாள் நின்றுகொண்டார். ஜெனோவா குருசடிக்குத் திரும்பிப் போய், முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, அதே குழியில் குதிகாலை வைத்தாள். ரெஜினாள் கொஞ்ச நேரம் குழியையே பார்த்தார். பிறகு போய் ஒரு செங்கல் எடுத்து வந்தார்.

பிப்ரவரி 11, புதன்

செபஸ்தியம்மா கவுண்டருக்கு வந்தார். தனியாக. வரிசையில் நின்று தன் முறைக்குத்தான் வந்தார். படிவத்தைக் கேட்டார், கொடுத்தேன். கமிட்டியில் உட்காரும் இருவர் பெயரில் ஒன்று தன்னுடையது, இன்னொன்று பிலோமியுடையது என்றார். சங்கத்தில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், ரெஜினாள் உட்பட.

கையெழுத்திடுவதற்கு முன் பேனாவை நிறுத்தி, “பிள்ளையளுக்காவ போடுதேன்” என்றார். அழுகிய பத்துக் கூடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் அந்தப் பேச்சை எடுத்ததும், வேண்டாம் என்று கையைக் காட்டினார். “மழைக்கு முன்னால கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டணும். கயிறு கட்டத் தெரிஞ்ச பிள்ளையள்னு சொன்னீயல்ல. அத வந்து செய்யிங்க. நாங்க சொல்லும்போது.”

இது முதல் நாளே சொன்னதுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

படிவம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். நானே நேரில் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஏழு குறிப்பேடுகள் உறைக்குள். எட்டாவது மேசையில்.

சாயங்காலம் ஜெனோவா வந்தாள், சீருடையில் இல்லை. ஞாயிறு வருவாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பிராக்டிகல் நேரம், அதோடு மற்ற பிள்ளைகள் முன்னால் வந்து நிற்க ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். நகலெடுக்க நான் வாங்கி வைத்திருந்த வரைபடத்தைத் திருப்பிக் கேட்டாள், சங்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார்களாம்.

“முகாமுக்கு வேற வரையணுமா மிஸ்?”

“வேண்டாம். இதோட நகலே போகும்.”

“செவப்புக் கோடு அதுலயும் தெரியுமே.”

“தெரியட்டும்.”

அவள் போன பிறகு கலாமணி மேடத்துக்குப் போன் செய்தேன். ஜனவரி 14-ஆம் தேதிக்குப் பிறகு முடித்த பயிற்சி செல்லாது, ஏழு பேரை அனுப்புங்கள், ஒருத்திக்காக விதியை மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். அவள் கெடுவுக்குள் முடித்துவிட்டாள், திருத்தியவள்தான் தவறு செய்தாள், அதை எழுத்தில் தருகிறேன் என்றேன். “எழுதிக் கொடுத்தா உங்க ஃபைல்ல நிக்கும் செண்பகவல்லி. அடுத்த வருஷம் கேப்டன் பதவியைப் புதுப்பிக்கும்போது கேப்பாங்க” என்றார். கேட்கட்டும் என்றேன். பார்க்கிறேன் என்றார். நாளை அவர் ஏற்பாரா என்று எனக்குத் தெரியாது.

கடிதம் ஒன்றேகால் பக்கம் வந்தது. இரண்டு தடவை ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று எழுதி, இரண்டையும் அடித்தேன்.

பிறகு குறிப்பேட்டை எடுத்தேன். வரைபடம் என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்தது, முடித்த தேதி. பத்தொன்பது வருடமாக அன்றன்றைய தேதியைத் தவிர வேறெதையும் நான் தெரிந்து குத்தியதில்லை.

ஜனவரி 4 என்று எழுதினேன்.